இத்தாலிக்குப் புதிதாக வந்த தமிழருக்கு: பிலிப்பினோ–இத்தாலிய நட்புறவுச் சங்கங்களின் கதவைத் தட்டுங்கள்

இத்தாலியில் வந்து இறங்கியதும் ஊர்க்காரரைத் தேடுவது இயல்பு. பலெர்மோ, நாப்போலி, ரெஜ்ஜோ எமிலியா என்று ஈழத்தமிழர் பல ஆண்டுகளாக வாழும் நகரங்களில் தங்க இடமும் முதல் வேலையும் பெரும்பாலும் நம்மவர் கைவழியாகத்தான் கிடைக்கின்றன. ஆனால் நகரசபைக்கு ஒரு கடிதம் எழுத, பள்ளி ஆசிரியரிடம் பேச, வீட்டுச் சொந்தக்காரர் நீட்டும் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்க ஊர்க்காரர் மட்டும் போதாது. அந்த மொழியிலும் அந்த நடைமுறையிலும் பிறந்து வளர்ந்தவர்கள் பக்கத்தில் வேண்டும். அப்படியொரு ஏற்பாட்டை, இத்தாலியரும் தாங்களும் உறுப்பினராகச் சேர்ந்து நடத்தும் நட்புறவுச் சங்கங்களாக, நெடுங்காலமாகக் கட்டி வைத்திருப்பவர்கள் பிலிப்பைன்ஸ் நாட்டவரான பிலிப்பினோக்கள்.

1970களில் கத்தோலிக்கத் திருச்சபையின் தொடர்புகள் வழியே வீட்டு வேலைக்கு வந்த பெண்கள்தான் இங்குள்ள பிலிப்பினோ சமூகத்தின் தொடக்கம். இன்று அவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் அதிகம். இலங்கையரும் ஏறத்தாழ அதே பாதையில் வந்தவர்கள். வீட்டுப் பணி, முதியோர் பராமரிப்பு, பங்குக் கோயில் மண்டபத்தில் ஞாயிறு சந்திப்பு எல்லாம் இரு சமூகத்துக்கும் பொது. ஆகவே அவர்களுடைய நட்புறவுச் சங்கத்துக்குப் போனால் உங்கள் சிக்கலை அடியிலிருந்து விளக்க வேண்டியிருக்காது. உங்களுக்கு வரப்போகும் சிக்கலில் பாதியை அவர்கள் ஏற்கெனவே தீர்த்திருப்பார்கள்.

எங்கே, எந்த நாளில்

வியாழன் பிற்பகலும் ஞாயிறும்தான் சந்திப்பு நாட்கள். வீட்டோடு தங்கி வேலை செய்பவருக்கு வாரத்தில் 36 மணி நேரம் ஓய்வு தரவேண்டும் என்பது வீட்டுப் பணியாளர் தேசிய ஒப்பந்தம். ஞாயிறு முழு நாள் 24 மணி நேரம், வேறொரு நாளில் 12 மணி நேரம். அந்த மற்ற நாள் வழக்கமாக வியாழன். செவ்வாய் மாலையில் போய் மண்டபம் பூட்டியிருக்கிறதே என்று திரும்பி வராதீர்கள்.

ரோமில் தேடுபவர்கள் தெர்மினி ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள சாந்தா புதென்சியானா பேராலயத்தில் தொடங்கலாம். அதுவே பிலிப்பினோக்களின் தேசிய தேவாலயம். மற்ற நகரங்களில் பங்குத் தந்தையிடமோ திருச்சபையின் உதவி அமைப்பான காரித்தாஸ் அலுவலகத்திலோ கேளுங்கள். அதைவிட நல்ல வழி, மாகாணத்தின் தன்னார்வச் சேவை மையம். ‘சி.எஸ்.வி.’ என்று எல்லோரும் சொல்வார்கள். பலெர்மோவில் அதன் பெயர் ‘செஸ்வொப்’. உங்கள் வட்டாரத்தில் இயங்கும் சங்கங்களின் விவரம் அங்கே கிடைக்கும்.

பெயர் கிடைத்ததும் அது உண்மையான சங்கமா என்று பாருங்கள். ‘ருன்ட்ஸ்’ எனப்படும் மூன்றாம் துறை (இலாப நோக்கற்ற அமைப்புகள்) தேசியப் பதிவேடு 2021 நவம்பர் 23 முதல் இயங்குகிறது. இணையத்தில் யாரும் தேடலாம். அதில் இல்லாவிட்டால் மோசடி என்று அர்த்தமில்லை. சிவில் சட்டத்தின் 36ஆம் பிரிவின் கீழ் பதிவேட்டில் சேராமலும் சங்கம் நடத்தலாம். அப்படியானால் யாப்பின் (சங்க விதிகளின்) பிரதியையும் கடைசி ஆண்டுக் கணக்கையும் கேளுங்கள். காட்டத் தயங்கும் சங்கத்தில் பணம் கட்ட வேண்டாம்.

சேரும்போது பெயரை எழுதும் விதத்தில் மிகுந்த கவனம் வேண்டும். நம்மவர் கடவுச்சீட்டில் தந்தை பெயரும் சொந்தப் பெயரும் எது குடும்பப் பெயர் என்ற குழப்பத்தோடு கிடக்கும். இத்தாலியின் வரி எண்ணான கோதிச்சே ஃபிஸ்காலே எழுத்தும் இலக்கமுமாக 16 குறிகள் கொண்டது. முதல் மூன்று குடும்பப் பெயரிலிருந்தும் அடுத்த மூன்று சொந்தப் பெயரிலிருந்தும் எடுக்கப்படும். இரண்டும் இடம் மாறினால் எண்ணே மாறிவிடும். பிறகு வேலை ஒப்பந்தம் ஒரு பெயரிலும் வதிவிட அனுமதி இன்னொரு பெயரிலும் நின்று, புதுப்பிக்கும் நாளில் காவல்துறைத் தலைமையகமான குவெஸ்தூராவில் வந்து முட்டும். வரி எண் அட்டையில் உள்ளதைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதுங்கள், சங்கத்தின் படிவமாக இருந்தாலும். சந்தா கட்டினால் பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

பழக்கம் பற்றி ஒன்று. தம்மைவிட மூத்த பெண்ணை ‘ஆத்தே’ என்றும் ஆணை ‘குயா’ என்றும் அவர்கள் அழைப்பார்கள். அக்கா, அண்ணன் என்று வாய் பழகிய நமக்கு இது தானாக வரும். முதல் நாளே அப்படி அழைத்தால் முகம் மலரும். சாப்பிடக் கூப்பிட்டால் மறுக்காதீர்கள்; பான்சித் நூடுல்ஸிலும் லும்பியாவிலும் பன்றி இறைச்சி இருக்கக்கூடும், மரக்கறி மட்டும் உண்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சங்கம் செய்யக்கூடியது, செய்ய முடியாதது

வேலை விசாவில் வந்தவரும் குடும்பத்தோடு இணைய வந்தவரும் முதலில் மாகாண ஆட்சியகத்தின் குடிவரவு ஒற்றைச் சாளரம் வழியேதான் தொடங்க வேண்டும். வதிவிட அனுமதிக்கு நாட்டுக்குள் வந்து 8 வேலை நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். மஞ்சள் பட்டி போட்ட விண்ணப்ப உறையின் படிவங்களை நிரப்பும் வேலையைச் சங்கத்தில் தெரிந்தவரிடம் கொடுக்காதீர்கள். அதற்கு, தொழிலாளருக்கு ஆவண வேலைகளில் உதவும் பத்ரொனாத்தோ அலுவலகங்கள் இருக்கின்றன: அக்லி, இன்கா, இனாஸ், இத்தால். பெரும்பாலான சேவைகள் அங்கே இலவசம். சங்கத்தின் பங்கு, எந்தப் பத்ரொனாத்தோ பொறுமையாகப் பேசும் என்று சொல்வதும், தேவையென்றால் கூட வருவதும்தான். நிரப்பிய உறையை ஒட்டாமல் திறந்தபடியே இந்த விண்ணப்பங்களை வாங்கும் ‘ஸ்போர்த்தெல்லோ அமீகோ’ முகப்பு உள்ள அஞ்சல் அலுவலகத்துக்குக் கொண்டு போங்கள். 16 யூரோ முத்திரை, அட்டைக்கு 30.46 யூரோ, அஞ்சலுக்கு 30 யூரோ, இவற்றோடு அனுமதியின் காலத்தைப் பொறுத்து 40, 50 அல்லது 100 யூரோ பங்களிப்பு. அங்கே தரும் பற்றுச்சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள். அட்டை வரும்வரை அதுவே உங்கள் ஆதாரம்.

‘ஆட்சியகத்தில் ஆள் தெரியும், பணம் கொடுத்தால் ஃப்ளுஸ்ஸி ஒதுக்கீட்டில் ஒப்பந்தம் வாங்கித் தருகிறேன்’ என்று சங்கத்தின் பெயரைச் சொல்லி யார் வந்தாலும் விலகிவிடுங்கள் (ஃப்ளுஸ்ஸி என்பது வெளிநாட்டுத் தொழிலாளருக்கு அரசு அறிவிக்கும் எண்ணிக்கை ஒதுக்கீடு). உண்மையான சங்கம் வேலை ஒப்பந்தம் விற்காது.

மொழியில் பலர் ஏமாறுகிறார்கள். ஞாயிறு மாலையில் சங்கம் நடத்தும் இத்தாலிய வகுப்பு பேச்சுக்கு அருமையான இடம். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியைகள் பலர் ஆசையோடு வந்து கற்பிக்கிறார்கள். ஆனால் அந்த வகுப்பின் சான்றிதழ் அரசு அலுவலகத்தில் செல்லாது. ஐந்து ஆண்டு கழித்துக் கேட்கும் நீண்டகால வதிவிட அனுமதிக்கு ஐரோப்பிய மொழித்தேர்ச்சி அளவில் ஏ2 நிலை வேண்டும். பத்து ஆண்டு கழித்துக் கேட்கும் குடியுரிமைக்கு அதற்கு மேல்நிலையான பி1. சியேனா, பெருஜா, ரோமா த்ரே பல்கலைக்கழகங்களும் தாந்தே அலிகியேரி சங்கமும் தரும் சான்றிதழ்கள் செல்லும். ஏ2வுக்கு ‘சி.பி.ஐ.ஏ.’ எனப்படும் அரசு வயதுவந்தோர் பள்ளிதான் எளிய வழி. முதல்முறை அனுமதி பெறுபவர் கையெழுத்திடும் ஒருங்கிணைவு உடன்படிக்கையிலும் 16 புள்ளியில் தொடங்கி இரண்டு ஆண்டில் 30 சேர்க்க வேண்டும். அங்கேயும் மொழிதான் அதிகப் புள்ளி தரும். ஆக, வாரநாளில் அரசு பள்ளி, ஞாயிறு சங்க வகுப்பு என இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

முகவரிப் பதிவுக்குச் சங்கத்தின் இத்தாலிய உறுப்பினர்கள் மிகவும் பயன்படுவார்கள். கொமூனேயில் (நகரசபையில்) பதிந்த பிறகு நகரக் காவலர் வீட்டுக்கு வந்து நீங்கள் அங்கே வாழ்கிறீர்களா என்று பார்ப்பார். அழைப்பு மணியில் உங்கள் பெயர் இல்லாவிட்டால் ஆளைக் காணவில்லை என்று எழுதிவிட்டுப் போய்விடுவார், பதிவு நிராகரிக்கப்படலாம். ஒரு சின்னக் காகிதத்தில் பெயரை எழுதி, மணியிலும் கடிதப் பெட்டியிலும் ஒட்டுங்கள். வீட்டுச் சொந்தக்காரர் ஒட்ட விடவில்லையா? அவரிடம் பேச ஓர் இத்தாலிய நண்பரைக் கூட்டிக்கொண்டு போங்கள். புதியவர் சொல்லிக் கேட்காதவர் அவர் சொன்னால் பல நேரம் கேட்பார். தங்க இடம் கொடுப்பவர் 48 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்கு எழுத்தில் அறிவிக்கவேண்டும் என்பதையும் அப்போதே நினைவூட்டலாம்.

விழாவில் கை கொடுங்கள்

சங்கத்துக்குள் மதிப்பு வருவது வேலை செய்யும்போதுதான். மே மாதத்தில் சாந்தாகுருசான் ஊர்வலம், ஜூன் 12 பிலிப்பைன்ஸ் சுதந்திர நாள், டிசம்பர் 16 முதல் 24 வரை சிம்பாங் காபி நவநாள் திருப்பலி. பிலிப்பைன்ஸில் விடியற்காலையில் நடக்கும் அந்தத் திருப்பலி, வேலை நேரம் கருதி இங்கே பல இடங்களில் மாலையில் நடக்கிறது. மேசை தூக்க, பாத்திரம் கழுவ ஆள் தேவைப்படும் நாட்கள் இவை. ஜூனில் அவர்களுக்கு மேசை தூக்கினால் ஜனவரியில் உங்கள் பொங்கலுக்கு மண்டபம் கேட்கலாம்.

இந்த விழாக்களில் அனுமதி நடைமுறையையும் கவனித்துக் கற்றுக்கொள்ளுங்கள்; பின்னால் நமக்கு உதவும். பொது இடத்தில் கூட்டமோ ஊர்வலமோ என்றால் குறைந்தது 3 நாட்களுக்கு முன் குவெஸ்தூராவுக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். தெருவையோ சதுக்கத்தையோ பயன்படுத்த நகரசபையின் அனுமதி தனி, அதற்கு வாரக்கணக்கில் முன்னதாகவே விண்ணப்பியுங்கள். பாட்டுப் போட்டால், ஒலிப்பதிவாக இருந்தாலும், ‘சியாய்’ எனப்படும் உரிமைத்தொகை அமைப்பிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். பொதுமக்களுக்கு உணவு விற்றால் ‘ஷியா’ எனும் அறிவிப்பு நகரசபைக்குப் போக வேண்டும். பெரும்பாலும் சிக்குவது உணவில்தான்: வீட்டு அடுப்பில் சமைத்துக் கொண்டு வந்து மேசையில் விற்பது. உறுப்பினருக்குள் பகிர்ந்து உண்பது வேறு, வழிப்போக்கருக்கு விற்பது வேறு.

நமக்கென்று ஒன்று தொடங்க நினைத்தால்

சில ஆண்டு பழகிய பிறகு தமிழ்–இத்தாலிய நட்புறவுச் சங்கம் ஒன்று தொடங்கலாம் என்ற எண்ணம் வரும். வரட்டும். பிலிப்பினோக்களின் அமைப்பை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், முக்கியமாக ஒரு விஷயத்தில்: நிர்வாகக் குழுவில் இத்தாலியர் இருக்க வேண்டும். ஆனால் அலங்காரத் தலைவராக அல்ல. செயலாளர் பொறுப்பு அவர்களுக்கு ஏற்றது. அரசுக் கடிதங்களும் கூட்டக் குறிப்புகளும் அவர் கையில் ஒழுங்காக நடக்கும். பொருளாளர் நம்மவராக இருக்கட்டும், சந்தா கேட்டு வாங்க அவரால்தான் முடியும். இத்தாலியர் யாரும் இல்லாத சங்கம் மெல்ல ஊர்ச் சங்கமாகிவிடுகிறது. இத்தாலியர் மட்டுமே பேசும் சங்கத்தில் நம் மக்கள் விழாவுக்கு மட்டும் வருவார்கள்.

ருன்ட்ஸ் பதிவேட்டில் சமூக மேம்பாட்டுச் சங்கமாகச் சேரக் குறைந்தது 7 பேர் வேண்டும். நிறுவல் பத்திரமும் யாப்பும் எழுதி, ‘ஏஏ5/6’ படிவத்தில் சங்கத்துக்கு வரி எண் கேட்க வேண்டும், எண் இலவசம். பத்திரங்களை வரி அலுவலகத்தில் பதியும்போது, விலக்கு ஏதும் இல்லாத சாதாரணச் சங்கத்துக்கு 200 யூரோ பதிவு வரியும், ஒவ்வொரு 4 பக்கத்துக்கும் அல்லது 100 வரிக்கும் 16 யூரோ முத்திரையும் ஆகும். யாப்பைச் சுருக்கமாக எழுதினால் முத்திரைச் செலவு குறையும். இணையத்தில் கிடைத்த யாப்பை அப்படியே பெயர் மாற்றி எழுதாதீர்கள். மூன்றாம் துறைச் சட்டமான 2017ஆம் ஆண்டின் 117ஆம் சட்ட ஆணை கேட்கும் வாசகங்கள் இல்லையென்றால் பதிவேட்டு அலுவலகம் திருப்பி அனுப்பும். சி.எஸ்.வி. மையத்தில் மாதிரி கேட்டு வாங்கி, அதில் உங்கள் நோக்கங்களை எழுதுங்கள்.

பணத்தில் கண்டிப்பாக இருங்கள். சட்ட ஆளுமை (உறுப்பினரிடமிருந்து வேறான தனி சட்ட நிலை) பெறாத சங்கத்தின் கடனுக்கு, சங்கத்தின் பெயரில் கையெழுத்திட்டவர் தன் சொந்தப் பணத்திலிருந்தும் பொறுப்பு. சிவில் சட்டம் 38ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. ஆகவே மண்டப வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் தொகை வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். தன்னார்வலருக்குச் சம்பளம் கூடாது, செலவுக்குச் சீட்டு காட்டினால் திருப்பித் தரலாம். சீட்டில்லாமல் உறுதிமொழியில் தருவதென்றால் நாளுக்கு 10 யூரோ, மாதத்துக்கு 150 யூரோ எல்லை. பதிவுச் சங்கம் தன் தன்னார்வலருக்கு விபத்து, நோய், மூன்றாம் நபர் பொறுப்பு ஆகியவற்றுக்குக் காப்புறுதி எடுத்தே ஆக வேண்டும்.

சீட்டுப் பிடிப்பதைச் சங்கத்துக்குள் கொண்டு வராதீர்கள். பிலிப்பினோக்களிடமும் ‘பலுவாகன்’ என்று இதே வழக்கம் உண்டு. நண்பர்கள் தங்களுக்குள் நம்பிக்கையில் நடத்துவது அவரவர் விருப்பம். சங்கத்தின் கணக்கிலோ பெயரிலோ நடந்தால், ஒருவர் பணத்தோடு போகும் நாளில் கையெழுத்திட்ட தலைவர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும், வங்கியும் கேள்வி கேட்கும்.

பலெர்மோவில் இருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு வாசல் உண்டு. அந்த நகரசபை 2013இல் வெளிநாட்டவரே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் பண்பாடுகளின் ஆலோசனை மன்றத்தை அமைத்தது. சங்கத்தில் தொடர்ந்து வேலை செய்து பல சமூகத்தாருக்கும் முகம் தெரிந்தவர்களே இத்தகைய தேர்தலில் வாக்குப் பெறுகிறார்கள். செப்டம்பர் 4 அன்று நகரின் காவல் புனிதரான சாந்தா ரொசாலியாவுக்காகப் பெல்லக்ரினோ மலையேறும் மக்களில் சைவத் தமிழரும் கலந்து நடப்பதை அந்த நகரம் நன்றாக அறியும். அந்த நல்லெண்ணத்தின் மேல்தான் பலெர்மோவில் நம் சங்கங்கள் நிற்கின்றன.

தலைவர் மாறும் ஒவ்வொரு முறையும் 30 நாட்களுக்குள் அதே ‘ஏஏ5/6’ படிவத்தில் வரி அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள், வங்கிக்கும் பதிவேட்டுக்கும் கூட. இதைச் செய்யாமல் விட்டால், ஊர் திரும்பிவிட்ட பழைய தலைவரின் கையெழுத்து இல்லாமல் கணக்கில் இருக்கும் பணத்தை எடுக்க முடியாது.