தெலுக் ஆன்சனைத் தேடி தெலுக் இந்தான் போவோருக்கு

மெல்போர்னிலோ லண்டனிலோ பிறந்து வளர்ந்த பிள்ளைகளோடு தாத்தா பாட்டி வேலை செய்த தோட்டத்தைத் தேடி மலேசியாவின் பேராக் மாநிலத்துக்கு வரும் பல குடும்பங்கள், "தெலுக் ஆன்சன் பக்கம் ஏதோ ஒரு தோட்டம்" என்ற ஒற்றை வரியோடு கிளம்பி வந்துவிடுகின்றன. அதை வைத்துக்கொண்டு ஒன்றையும் கண்டுபிடிக்க முடியாது. சாய்ந்த கோபுரத்தின் முன்னால் படம் எடுத்துக்கொண்டு திரும்ப வேண்டியதுதான்.

முதல் வேலை வீட்டிலேயே இருக்கிறது. தாத்தா பாட்டியின் பொறந்த சூராவையும் (பிறப்புச் சான்றிதழ்) பழைய அடையாள அட்டையையும் தேடி எடுங்கள். ஊருக்குத் தெலுக் இந்தான் என்று பெயர் மாறியது 1982இல். அதற்கு முந்தைய தாள்களில் தெலுக் ஆன்சன் என்றுதான் இருக்கும். 1972இல் மலாய் எழுத்துமுறை திருத்தப்பட்டதால் 'தெலுக்' என்ற சொல்லின் ஆங்கில எழுத்தும் மாறியது. ஆவணக் காப்பகத்திலோ இணையத்திலோ தேடும்போது பழைய எழுத்து, புதிய எழுத்து, புதிய பெயர் மூன்றையும் போட்டுப் பாருங்கள். கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போவதாக இருந்தால் ஊருக்குப் போகும் முன்பே போய்விடுங்கள்.

தோட்டத்தின் பெயர் மட்டும் போதாது, டிவிஷனும், அதாவது தோட்டத்தின் எந்தப் பிரிவு என்பதும் தெரிய வேண்டும். 1906இல் டென்மார்க்கைச் சேர்ந்த வெஸ்டென்ஹோல்ஸ் தொடங்கிய ஜெண்டராட்டா தோட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பல டிவிஷன்களாகப் பரந்த அந்தத் தோட்டத்தில் தமிழ்ப்பள்ளிகளுக்கே எண் போட்டுத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். டிவிஷன் தெரியாமல் போனால் தாத்தா இருந்த லயத்தை (தொழிலாளர் வீட்டு வரிசை) விட்டுப் பல மைல் தள்ளி நிற்பீர்கள். தோட்டத்து மக்கள் வழங்கிய தமிழ்ப் பெயர் வேறு, கம்பெனி வைத்த பெயர் வேறு என்பதும் உண்டு. பெரியவர்களிடம் இரண்டையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கம்பெனிகளும் கைமாறியிருக்கின்றன. கத்ரி, கோல்டன் ஹோப், சைம் டார்பி மூன்றும் 2007இல் ஒன்றானதால் பழைய சம்பளச் சீட்டில் உள்ள கம்பெனிப் பெயர் இன்றைய பலகையில் இருக்காது.

தோட்டம் போனாலும் அதன் பெயரைக் காத்து வைத்திருப்பது தமிழ்ப்பள்ளிதான். 'லாடாங்' (மலாயில் தோட்டம்) என்று தொடங்கும் பள்ளிப் பெயர்களின் பட்டியலில் உங்கள் தோட்டம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆனால் பள்ளி நிற்கும் இடம்தான் தோட்டம் இருந்த இடம் என்று நம்பிவிடக் கூடாது. பிள்ளைகள் குறைந்ததாலோ நிலம் வீடமைப்புக்குப் போனதாலோ பல பள்ளிகள் இடம் மாறிவிட்டன. பெட்டாலிங் ஜெயாவில் பண்டார் உத்தாமா குடியிருப்பின் நடுவே எஃபிங்காம் தோட்டப்பள்ளி இன்றும் அதே பெயரில் நடக்கிறது, தோட்டம்தான் இல்லை. பழைய இடம் எது என்று தலைமை ஆசிரியரிடமோ பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாரிடமோ முன்கூட்டியே போனில் கேளுங்கள்.

இப்போது டவுன். ரயிலில் வருவோர் தாப்பா ரோடு ஸ்டேஷனில் இறங்கிக் காரில் வர வேண்டும். அங்கிருந்து ஊருக்குள் வந்த கிளைப்பாதை 1989இல் மூடப்பட்டுவிட்டது. ஸ்டேஷனிலிருந்து நடந்து வந்ததாகப் பாட்டி சொன்ன வழியை இன்றைய வரைபடத்தில் தேடிப் பயனில்லை. கோபுரத்திலிருந்து கணக்கிடுவதே சுலபம். 1885இல் லியோங் சூன் சோங் கட்டிய அந்தக் கோபுரம் வெளியிலிருந்து பார்த்தால் எட்டு அடுக்கு, உள்ளே மூன்றே மாடி. உச்சியில் தண்ணீர்த் தொட்டியின் பாரம், அடியில் இளகிய மண். சாய்ந்ததற்கு அதுதான் காரணம். அங்கே நின்றுகொண்டு, சம்பளத்தன்று தாத்தா சாமான் வாங்கிய கடை எந்தப் பக்கம் என்று குடும்பத்துப் பெரியவர் ஒருவரை வீடியோ அழைப்பில் கேட்டுப் பாருங்கள். தெருப்பெயர் மறந்தவர்களுக்குக்கூடத் திசை மறப்பதில்லை.

கடைவீடுகளைப் பார்க்கும்போது கழுத்தை நிமிர்த்திப் பாருங்கள். கட்டிய ஆண்டு முகப்பின் உச்சியில் சுண்ணாம்பு வேலைப்பாட்டில் இருக்கலாம். கீழே பெயர்ப்பலகை எத்தனை முறை மாறினாலும் மேலே உள்ளதைப் பெரும்பாலும் யாரும் தொடுவதில்லை. மாடி சன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்துச் சிறு துளைகள் விட்டு, ஒலிபெருக்கியில் குருவிச் சத்தமும் கேட்டால் அங்கே இருப்பது, உண்ணப்படும் கூட்டுக்காக வளர்க்கும் குருவிகள். மேலே போகக் கேட்காதீர்கள், விடமாட்டார்கள். பழைய முகவரியில் பழைய கடை இல்லாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1948 ஜனவரி இறுதிக்குள் கட்டி முடித்த கட்டடங்களுக்கு இருந்த வாடகைக் கட்டுப்பாடு 1997இல் நீக்கப்பட்டு, 1999 முடிவோடு சலுகைக் காலமும் தீர்ந்தது. வாடகை ஏறியதும் நாடு முழுதும் எத்தனையோ கடைகள் வெளியேறின. அதே கடை வேறு தெருவில் மகன் கையில் நடக்கலாம். ஆகவே முகவரியை விட்டுவிட்டு முதலாளியின் பெயரைச் சொல்லி விசாரியுங்கள்.

நகரத்தார் கட்டிய தண்டாயுதபாணி கோயிலைத் தவற விடாதீர்கள். முடிந்தால் சித்ரா பௌர்ணமிக்கு வாருங்கள். சிதறிப்போன தோட்டக் குடும்பங்களை ஒரே இடத்தில் பார்க்க அதைவிட நல்ல நாள் கிடைக்காது. அன்று அறை கிடைப்பது கடினம், முன்பே பதிவு செய்யுங்கள்.

தோட்டத்துக்குள் போக ஆபிசில் அனுமதி வாங்க வேண்டும். அது கம்பெனியின் நிலம். காவல் கொட்டகையில் அடையாள அட்டை அல்லது பாஸ்போர்ட் கேட்பார்கள். முதல் நாளே ஆபிசுக்குப் போன் செய்து, எந்த டிவிஷன், எத்தனை பேர், கார் எண் என்ன என்று சொல்லி வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆபிஸ் பூட்டியிருக்கும். லயத்தில் இன்று இருப்பவர்கள் பெரும்பாலும் வங்காளதேசம், இந்தோனேசியா, நேபாளத்திலிருந்து வந்தவர்கள், அவர்களுக்குப் பழைய கதை தெரியாது. கிராணியையோ (தோட்ட எழுத்தர்) கோயில் பூசாரியையோ பிடியுங்கள். "எங்கள் தாத்தாவைத் தெரியுமா?" என்று கேட்டால் தெரியாது என்றே பதில் வரும். கங்காணி (வேலையாட்களை மேய்த்தவர்) யார், பிள்ளைகளை விட்டுச் செல்லும் ஆயாக்கொட்டகை எங்கே இருந்தது, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களம் எது, கள்ளுக்கடை எந்தப் பக்கம் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பெயர்கள் தானாக வரும். இடுகாட்டைப் பற்றியும் அப்போதே கேட்டுவிடுங்கள். பல குழிகளுக்குக் கல் கிடையாது, மறுநடவின்போது செம்பனை (எண்ணெய்ப் பனை) ஏறிய இடங்களும் உண்டு. காட்டப்பட்ட இடத்தைக் கைபேசி வரைபடத்தில் உடனே குறித்து வையுங்கள்.

காலையிலேயே உள்ளே போய் மதியத்துக்குள் வெளியே வந்துவிடுவது நல்லது. பிற்பகல் மழை பிடித்தால் மண் சாலையில் சின்னக் கார் புதையும், இழுத்துவிட டிராக்டருக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கும்.