குத்துச்சண்டைக்கு ஓட்டம்: தெப்பக்குளச் சுற்றும் கண்மாய்க்கரை ஏற்றமும்

அமெச்சூர் குத்துச்சண்டையில் 3 நிமிடம் வீதம் 3 ரவுண்ட், நடுவில் 1 நிமிட ஓய்வு. ஓட்டப் பயிற்சியைத் திட்டமிடுகிறவர் இந்தக் கணக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும். அந்த 3 நிமிடமும் யாரும் இடைவிடாமல் குத்துவதில்லை. இரண்டு மூன்று விநாடி சரமாரியாகக் குத்துவார்கள், விலகுவார்கள், கால் நகர்த்துவார்கள், மறுபடி நுழைவார்கள். அந்தச் சில விநாடிக் குத்துக்குத் தேவையான சக்தி தசைக்குள்ளேயே இருப்பில் இருக்கிறது. முழு வேகத்தில் போனால் ஏறக்குறைய 10 விநாடியில் அது கரைந்துவிடும். அதைத் திரும்ப நிரப்புவது மூச்சு கொண்டுவரும் ஆக்சிஜன்.

இதில் நெடுந்தூர ஓட்டத்தின் வேலை, குத்துக்கும் குத்துக்கும் நடுவிலும், மூலையில் உட்காரும் அந்த ஒரு நிமிடத்திலும் தம் திரும்ப வரச் செய்வது. ஸ்பிரிண்டின், அதாவது சில விநாடி முழு வேக ஓட்டத்தின், வேலை குத்தில் காலின் உந்துதலைச் சேர்ப்பது. ரவுண்டின் கடைசி 30 விநாடியில் கை கீழே இறங்காமல் காப்பதற்கு மூன்றாவது ஒரு வகை ஓட்டம் வேண்டும். ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது.

பெரும்பாலானவர்கள் கெடுவது இந்த இடத்தில்தான். தினமும் 5 கிலோமீட்டர், தினமும் ஒரே வேகம்: பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கும், ஆனால் ஸ்பிரிண்டும் இல்லை. கால் களைத்துப்போய் மாலையில் ஸ்பாரிங் (எதிராளியோடு ஆடும் பயிற்சிச் சண்டை) மந்தமாகும். மெதுவான நாள் உண்மையாகவே மெதுவாகவும், வேகமான நாள் உண்மையாகவே வேகமாகவும் இருக்க வேண்டும்.

மெதுவான ஓட்டத்துக்கு மதுரையில் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தைவிட வசதியான இடம் குறைவு. ஒரு பக்கம் ஏறக்குறைய 300 மீட்டர், சுற்று 1.2 கிலோமீட்டர். தூரத்தை எண்ணாதீர்கள், நிமிடத்தை எண்ணுங்கள். முதல் வாரம் 30 நிமிடம், வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டி 45-இல் நிறுத்துங்கள். 3 ரவுண்ட் ஆடுபவருக்கு அதற்கு மேல் ஓடுவது கால்வலியைத்தான் கூட்டும். பக்கத்தில் ஓடுபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்பதே வேகத்துக்கு அளவுகோல். இருபது வயதை ஒட்டியவர்களுக்கு நாடித்துடிப்பு 130-லிருந்து 150-க்குள் இருக்கட்டும். கழுத்தில் விரல் வைத்து 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் போதும். குளம் சதுரம் என்பதால் ஒரே திசையில் சுற்றினால் ஒவ்வொரு முனையிலும் ஒரே கணுக்கால்தான் பாரம் வாங்கும்; அடுத்த முறை எதிர்த்திசையில் சுற்றுங்கள். ரிங்கில் போடும் பூட்ஸோடு ஓடவே கூடாது. அதன் அடி மெல்லியது. கல்தளத்தில் கொஞ்ச நாள் ஓடினாலே முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலிக்கத் தொடங்கும்.

ஸ்பிரிண்டைச் சமதளத்தில் தொடங்காதீர்கள், ஏற்றத்தில் தொடங்குங்கள். ஏற்றத்தில் உச்ச வேகம் வராது, காலை வெகுதூரம் முன்னால் வீசவும் முடியாது. அதனால் தொடையின் பின்தசை கிழிகிற ஆபத்து குறைவு. ஆனால் உந்துதல் முழுதாகக் கிடைக்கும். பின்காலைத் தரையில் ஊன்றி வலது கை குத்தை விடும்போது வேண்டியதும் அதே உந்துதல்தான். கண்மாய்க்கரைக்கு ஏறும் மண்பாதையில் 40 மீட்டர் சரிவு கிடைத்தால் அதுவே போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்த மண் வழுக்கும். அப்போது பசுமலைப் பக்கம் வண்டி நடமாட்டம் இல்லாத ஏற்றச் சாலையைத் தேடிக்கொள்ளுங்கள்.

முதலில் 10 நிமிடம் மெல்லோட்டம். பிறகு காலை முன்னும் பின்னும் வீசுதல், முழங்காலை உயர்த்தித் துள்ளல், பாதி வேகத்தில் ஒன்று, முக்கால் வேகத்தில் இரண்டு ஓட்டம். இதைத் தவிர்ப்பவர்களுக்குத்தான் தொடை பிடித்துக்கொள்கிறது. அதன்பின் 8 விநாடி முழு வேகம், நடந்து இறங்குதல், மொத்தம் 2 நிமிட ஓய்வு. முதல் வாரம் 4 முறை, பிறகு வாரத்துக்கு ஒன்றாகக் கூட்டி 8 வரை. 2 நிமிடம் சும்மா நிற்பது சோம்பேறித்தனமாகத் தோன்றும். கோச் கூட அவசரப்படுத்துவார். ஓய்வைக் குறைத்தால் தசையின் இருப்பு நிரம்பாது, ஐந்தாவது ஓட்டம் முதல் ஓட்டத்தைவிட மெதுவாகும், அதன்பின் அது ஸ்பிரிண்டே இல்லை. தொடங்கிய இடத்திலிருந்து 8 விநாடியில் எட்டிய இடத்தில் கல் வையுங்கள். இரண்டு முறை தொடர்ந்து அந்தக் கல்லைத் தொட முடியவில்லையென்றால் அன்றைக்கு முடிந்தது.

போட்டிக்கு 4 வாரம் இருக்கும்போது மூன்றாவது வகையைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: ரவுண்ட் ஓட்டம். ரேஸ்கோர்ஸ் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கில் 400 மீட்டர் ஓடுதளம் இருக்கிறது. 3 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை, 4 முறை. பயிற்சி உள்ளவர் ஒரு முறையில் 600-லிருந்து 750 மீட்டர் போவார். தூரத்தைவிட முக்கியம், முதல் முறைக்கும் கடைசி முறைக்கும் வித்தியாசம் 30 மீட்டருக்குள் இருப்பது. அதிகமானால் முதல் முறை வீறாப்பில் ஓடியிருக்கிறீர்கள். ரிங்கிலும் அதே ஆள் முதல் ரவுண்டிலேயே தம் இழப்பார்.

எட்டு வாரக் கணக்கில், முதல் 4 வாரம் மெதுவான ஓட்டம் மூன்று நாள், ஏற்றம் ஒரு நாள். அடுத்த 3 வாரம் மெதுவானது ஒன்று, ரவுண்ட் ஓட்டம் இரண்டு, ஏற்றம் ஒன்று. கடைசி வாரம் 20 நிமிட மெல்லோட்டம் இரண்டு நாள், நான்கே நான்கு ஏற்ற ஓட்டம் ஒரு நாள், அவ்வளவுதான். ஸ்பாரிங்குக்கு முந்தைய நாள் வேகமான ஓட்டம் வேண்டாம்: களைத்த காலோடு நின்றால் தலை நகராது, அடி முகத்தில் விழும்.

சித்திரை வெயிலில் காலை 7 மணிக்குள் முடித்துவிடுங்கள். கிளம்பும் முன் ஒரு வாழைப்பழம், அரை சொம்பு தண்ணீர். முடித்ததும் உப்புப் போட்ட நீர்மோரோ கம்பங்கூழோ, அதோடு முட்டை. எடை குறைக்க பிளாஸ்டிக் ஜாக்கெட் மாட்டி ஓடுவதைத் தயவுசெய்து கைவிடுங்கள். இறங்குவது தண்ணீர்தான், கொழுப்பில்லை. வியர்வை ஆவியாக வழியில்லாமல் உடம்புச் சூடு உள்ளேயே ஏறும். ஓடுகிறவர் தள்ளாடினாலோ, உளறினாலோ, வாந்தி எடுத்தாலோ உடனே நிழலில் படுக்கவைத்து, சட்டையைக் கழற்றி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, புரையேறும்.

காலையில் கண் விழித்ததும் படுக்கையிலேயே நாடியை எண்ணி ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். வழக்கத்தைவிட 8, 10 துடிப்பு கூடியிருந்தால் அன்று ஏற்றமும் வேண்டாம், ரவுண்ட் ஓட்டமும் வேண்டாம். தெப்பக்குளத்தை இரண்டு சுற்று நடந்துவிட்டு வீடு திரும்புங்கள்.