முறுக்கு உரலில் பிழியும் சீஸ் ஸ்ட்ரா

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வீட்டு விருந்து, கல்யாணம், கிறிஸ்துமஸ் என்று எதுவாக இருந்தாலும் மேசையில் சீஸ் ஸ்ட்ரா என்ற மொறுமொறு சீஸ் குச்சி இருக்கும். செடார் சீஸ், வெண்ணெய், மைதா, மிளகாய்த்தூள் இவ்வளவுதான். நட்சத்திர அச்சில் பிழிந்து பேக் செய்வார்கள். அதற்கென்று அவர்கள் வைத்திருக்கும் குக்கி பிரஸ் நமக்குத் தேவையில்லை. ஒற்றை நட்சத்திர வில்லை போட்ட முறுக்கு உரல் அதே வேலையைச் செய்யும். பித்தளை உரலாக இருந்தால் இன்னும் நல்லது, அழுத்தம் சீராக விழும்.

கீழே உள்ள அளவில் 7 செ.மீ. நீளத்தில் சுமார் 55 முதல் 60 துண்டு வரும். டீயோடு பத்துப் பேருக்குப் போதும்.

செடார் சீஸ் 180 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 90 கிராம், மைதா 150 கிராம், மிளகாய்த்தூள் அரை டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன். கடுகுப் பொடி இருந்தால் கால் டீஸ்பூன் சேர்க்கலாம், சீஸின் சுவையைத் தூக்கிக் கொடுக்கும். உப்பு வெண்ணெய்தான் இருக்கிறது என்றால் தனி உப்பு வேண்டாம்.

சீஸ் எது என்பதில் கொஞ்சம் கவனம் வேண்டும். நன்றாக முதிர்ந்த, சுருக்கென்று இருக்கும் செடார்தான் சரி. சாதாரண ப்ராசஸ்டு சீஸ் கட்டியிலும் செய்யலாம், வடிவம் நன்றாகவே நிற்கும். ஆனால் வாசனை குறைவு, உப்பு அதிகம், அதனால் அங்கேயும் தனி உப்பைத் தவிர்க்கவும். மொஸரெல்லா வேண்டவே வேண்டாம். ஈரம் அதிகம், இழுபடும், ஆறினால் ரப்பர்தான். பாக்கெட்டில் துருவியே விற்பது ஒட்டாமலிருக்க மாவு தூவி வருகிறது. அதைப் போட்டால் மாவு வறண்டு உதிரும்.

சீஸைத் துருவியின் சிறிய கண்ணில் துருவுங்கள். பெரிய துருவல் அச்சின் ஓட்டையை அடைத்துக்கொள்ளும், பிழிகிற கைதான் வலிக்கும். துருவியதை இருபது நிமிடம் வெளியே வைத்து, விரல் அழுத்தினால் பள்ளம் விழும் பதத்திலுள்ள வெண்ணெயோடு மசித்துக் குழையுங்கள். வெண்ணெய் உருகக் கூடாது. நம் ஊர் கோடையில் அடுப்படியில் வைத்தால் பத்து நிமிடத்தில் எண்ணெயாகிவிடும். பிறகு மைதா, மிளகாய்த்தூள், உப்பைக் கலந்து சலித்துச் சேர்த்து, ஒன்றாகச் சேரும்வரை மட்டும் பிசையவும். சப்பாத்தி மாவு போல அடித்துப் பிசைந்தால் கடிக்க முடியாத குச்சிதான் கிடைக்கும். முறுக்கு மாவைவிடச் சற்றே மிருதுவாக இருக்க வேண்டும். பிழிய வராமல் வறண்டிருந்தால் பால் ஒரு டீஸ்பூன். தண்ணீரை ஊற்றி இளக்காதீர்கள்.

ட்ரேயில் பேக்கிங் பேப்பர் விரித்து நீளக் கோடுகளாகப் பிழிந்து கத்தியால் வெட்டுங்கள். இடையில் ஒரு விரல் இடம் விட்டால் போதும். மெழுகு பூசிய தாளை ஓவனில் வைக்கக் கூடாது. பிழிந்த ட்ரேயை அப்படியே ஃப்ரிட்ஜில் 15 நிமிடம் வையுங்கள். பலர் தாண்டிப் போகிற படி இதுதான், அச்சின் வரிகள் அழியாமல் நிற்பதும் இதனால்தான்.

ஓடிஜியில் (மேசையில் வைக்கும் சிறிய மின் ஓவன்) மேல், கீழ் இரண்டு கம்பியும் எரியும்படி வைத்து 180 டிகிரியில் பத்து நிமிடம் சூடாக்கிய பிறகே ட்ரேயை நடுத்தட்டில் வைக்கவும். 13 முதல் 16 நிமிடம். அடிப்பக்கம் இளம் பொன்னிறமானதும் எடுத்துவிடுங்கள். சீஸ் சீக்கிரம் சிவக்கும். காப்பி நிறம் வந்துவிட்டால் கசப்பு, பிறகு எந்த சாஸும் காப்பாற்றாது. சுடச்சுட மெத்தென்றுதான் இருக்கும், ஆறினால்தான் மொறுமொறுப்பு வரும். வெந்ததா என்று சூட்டிலேயே முடிவு செய்யாதீர்கள்.

முழுக்க ஆறியும் நடுவில் மெத்தென்று இருந்தால் வேகவில்லை என்று பொருள். 150 டிகிரியில் ஐந்து நிமிடம் மீண்டும் வையுங்கள். பரந்து தட்டையாகிவிட்டால், மாவு சூடேறியிருந்தது அல்லது ஓவன் சூடாகும் முன்பே உள்ளே போயிருக்கிறது. மீதி மாவை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு அடுத்த ட்ரேயைத் தொடங்குங்கள். பேக்கிங் பவுடர் போட்டாலும் வரிகள் உப்பி மறையும்.

மொறுமொறுப்பு கூடுதலாக வேண்டுமா? மைதாவில் இரண்டு டேபிள்ஸ்பூனை எடுத்துவிட்டு அதே அளவு அரிசி மாவு சேர்க்கலாம். ஓமம் கால் டீஸ்பூன் கசக்கிப் போட்டாலும் பொருந்தும். மிளகும் சீஸும் நல்ல ஜோடி, ஆனால் கொரகொரப்பாகப் பொடித்தது அச்சை அடைக்கும். நைசாக அரைத்துப் போடுங்கள்.

சூடு துளிகூட இல்லாமல் ஆறவிட்டு டப்பாவில் அடைத்தால் ஐந்தாறு நாள் தாங்கும், மழைக்காலத்தில் அதற்கும் குறைவு. விருந்துக்கு முன்கூட்டியே தயாராக வேண்டுமானால், பிழிந்த துண்டுகளை ட்ரேயிலேயே உறையவைத்து, பிறகு பையில் போட்டு ஃப்ரீசரில் ஒரு மாதம் வரை வைக்கலாம். உறைந்ததை உருகவிடாமல் நேராக ஓவனில் வைத்து, வழக்கத்தைவிட இரண்டு மூன்று நிமிடம் கூடுதலாக விடுங்கள்.