தீபாவளி விடுமுறையில் பின்னல் நூல் வாங்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

லீவு போட்டு வீட்டில் இருக்கும் நாட்களில் பின்னல் ஊசியைக் கையில் எடுத்தால், அடுத்து வரும் ஆசை புது நூல். கோலாலம்பூரில் அதற்குப் பஞ்சமில்லை. மஸ்ஜிட் ஜாமெக் எல்ஆர்டி நிலையத்தில் இறங்கி ஜாலான் மஸ்ஜிட் இந்தியா, ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான் பக்கம் நடந்தால், துணிக்கடைகளுக்கு நடுவே தையல் சாமான் கடைகளும் இருக்கும். சிக்கல் என்னவென்றால், சேலை எடுக்கக் கிளம்பும் குடும்பத்தோடு சேர்ந்து அங்கே போவதுதான் நம் வழக்கம். பிள்ளைகள் பசி என்று சிணுங்க, வீட்டுக்காரர் பார்க்கிங் காசை நினைத்து மணி பார்க்க, கண்ணைக் கவர்ந்த நிறத்தைப் பத்து உருண்டை அள்ளிக்கொண்டு வருவதில்தான் அது முடியும். குடும்பத்தைக் கூட்டிப் போங்கள், நிறம் சொல்ல அம்மாவும் சித்தியும் வேண்டும். ஆனால் யாருக்கு, என்ன உடுப்பு, எத்தனை மீட்டர் நூல் என்பதை வீட்டிலேயே எழுதி எடுத்துப் போங்கள். தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை மட்டும் வேண்டவே வேண்டாம்.

யாருக்கு என்ற கேள்விக்கு நம் ஊரில் வெயிலையும் சேர்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும். பகலில் 32, 33 டிகிரி, போதாததற்குக் காற்றில் ஈரம். பின்னல் புத்தகங்களில் பாதிக்கு மேல் குளிர் நாட்டுக்காரர்களுக்காக எழுதியவை. அதைப் பார்த்துக் கம்பளி நூலில் ஸ்வெட்டர் போட்டால் அலமாரிதான் அதை உடுத்திக்கொள்ளும். கேமரன் மலையில் இருக்கும் அத்தைக்கோ லண்டனில் படிக்கும் பிள்ளைக்கோ என்றால் சரி. ஏர்கான் ஆபீசில் நடுங்கும் தங்கைக்குப் பருத்தி நூலில் ஒரு மெல்லிய சால்வை போதும்.

பருத்திக்கும் ஒரு குணம் உண்டு. வியர்வையை உறிஞ்சும், ஆனால் கனமானது, இழுத்தால் கம்பளி மாதிரி திரும்பிச் சுருங்காது. நீளக் கை வைத்த பருத்திச் சட்டையைக் கொடியில் ஈரமாகத் தொங்கவிட்டால் முழங்கால் வரை இறங்கிவிடும். துண்டின் மேல் விரித்து, நேர் வெயில் படாமல் காய வையுங்கள். கை முனை, கழுத்துப் பட்டைகளுக்கு ஒரு அளவு சின்ன ஊசி எடுத்தால் தொளதொளப்பு குறையும்.

இன்னொன்று, ‘மில்க் காட்டன்’ என்று விற்கும் நூலெல்லாம் முழுப் பருத்தி அல்ல. பல அக்ரிலிக் கலந்தவை. லேபிளில் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். லேபிளே இல்லாத நூலா? ஒரு சின்ன இழையை இடுக்கியில் பிடித்து, சிங்க்கின் மேல் வைத்துக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலாகும். கம்பளி முடி கருகும் நாற்றம் அடிக்கும். அக்ரிலிக் உருகிக் கெட்டி மணியாக நிற்கும். பிள்ளைகளை அந்த நேரம் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

அடிக்கடி காசைத் தின்னும் தவறு, கிராமைப் பார்த்து வாங்குவது. பருத்தி இழை அக்ரிலிக்கைவிட அடர்த்தி கூடியது. ஒரே பருமனுள்ள நூலில் 100 கிராம் அக்ரிலிக் ஏறக்குறைய 290 மீட்டர் வரும், பருத்தி 200 மீட்டர் பக்கம்தான். புத்தகத்தில் 200 கிராம் அக்ரிலிக் என்று இருப்பதை 200 கிராம் பருத்தியாக மாற்றினால், கை ஒன்று மிச்சம் இருக்கும்போது நூல் தீர்ந்துவிடும். 580 மீட்டர் தேவை, உருண்டை 105 மீட்டர் என்றால் ஆறு வாங்க வேண்டும். ஏழாவதையும் சேர்த்து வாங்குவது என் கட்சி. லேபிளில் உள்ள சாய லாட் எண், அதாவது ஒரே தடவையில் சாயம் போட்ட நூல் என்று காட்டும் எண், எல்லா உருண்டையிலும் ஒன்றாக இருக்கட்டும். கடை விளக்கில் ஒரே நீலமாகத் தெரிவது வீட்டு வாசலில் இரண்டு நீலமாகும். வேறு லாட்தான் கிடைத்தது என்றால், இரண்டையும் இரண்டு வரிசைக்கு ஒருமுறை மாற்றி மாற்றிப் பின்னுங்கள், கோடு தெரியாது.

அம்மாவின் பழைய டின்னில் கிடக்கும் ஊசிகள் தனிக் கதை. அவை பெரும்பாலும் பழைய பிரிட்டிஷ் எண் போட்டவை. அந்தக் கணக்கில் 8 என்றால் 4 மில்லிமீட்டர், எண் ஏற ஏற ஊசி மெலியும். அமெரிக்கக் கணக்கில் 8 என்பது 5 மில்லிமீட்டர், எண் ஏற ஏறப் பருக்கும். ஜப்பான் மூங்கில் ஊசியில் அதே 8 என்பது 4.5. மூன்றும் ஒரே வீட்டில் கிடக்க வாய்ப்புண்டு. எண்ணை நம்பாமல், ஓட்டை போட்ட ஊசி அளவுகோலில் விட்டு மில்லிமீட்டரைப் பாருங்கள். அளவு பார்க்க முதலில் பின்னும் சின்ன மாதிரித் துண்டைப் பின்னச் சோம்பல்படுகிறவர்களுக்கு ஒரு கணக்கு: 10 செண்டிமீட்டருக்கு 22 கண்ணி (ஊசியில் ஏறும் வளையம்) என்ற கணக்கில் 198 கண்ணி போட்டால் 90 செண்டிமீட்டர் சுற்றளவு. உங்கள் கை 20 கண்ணிதான் பின்னுகிறது என்றால் அதே 198 கண்ணி 99 செண்டிமீட்டர் ஆகும். மாதிரித் துண்டைத் துவைத்துக் காயவைத்த பிறகு அளக்கவும்.

குழந்தைக்குப் பின்னுகிறவர்களிடம் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். துளைத் துளையான வேலைப்பாட்டில் விரல் சிக்கும், தளர்ந்த இழை விரலை இறுக்கும். வாயில் போகிற பொத்தான் வேண்டாம். வீட்டுக்குள் தொப்பி போட்டுத் தூங்கவைக்க வேண்டாம், குழந்தை கூடுதல் சூட்டைத் தலை வழியாகவும் விடும். எல்லாவற்றையும்விட முக்கியம், பாச்சை உருண்டை. உபாட் கெகாட் என்று கடையில் விற்கும் அந்த வெள்ளை உருண்டையில் நாப்தலின் இருக்கலாம். மலேசியாவில் பிறந்த குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு உண்டா என்று பார்ப்பது தெரிந்ததே. அந்தக் குறைபாடுள்ள குழந்தைக்கு நாப்தலின் பட்டால் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை முற்றலாம். பாட்டி அலமாரியில் உருண்டையோடு பூட்டி வைத்திருந்த ஸ்வெட்டரை அப்படியே பேரனுக்குப் போடாதீர்கள். சொல்லப்போனால் அந்துப்பூச்சியின் புழுவுக்கு வேண்டியது கம்பளி. பருத்திக்கும் அக்ரிலிக்குக்கும் உருண்டையே தேவையில்லை. நம் ஊரில் நூலுக்கு எதிரி பூஞ்சணம். நன்றாகக் காய்ந்த நூலை, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

வெளிநாட்டிலிருந்து ஆன்லைனில் வரவழைப்பவர்கள் கணக்கில் ஒரு வரி சேர்க்க வேண்டும்: 500 வெள்ளிக்கு உட்பட்ட இறக்குமதிப் பொருளுக்கு 2024 ஜனவரி 1 முதல் 10 சதவீத விற்பனை வரி உண்டு. தபால் செலவு வேறு.

பக்கத்தில் உட்காரும் மகளுக்கோ மருமகளுக்கோ கற்றுத்தருவதாக இருந்தால் கறுப்பு நூலையும் புசுபுசு நூலையும் கொடுக்காதீர்கள், கண்ணி கண்ணுக்கே தெரியாது. வெளிர் நிறத்தில் கொஞ்சம் தடித்த நூலும் 5 மில்லிமீட்டர் ஊசியும் போதும். பரிசாகக் கொடுக்கும்போது லேபிளையும் கூடவே கொடுங்கள். கம்பளியைச் சுடுதண்ணீரில் அலசினால் சுருங்கித் தடித்துவிடும், அக்ரிலிக்கின் மேல் சூடான இஸ்திரிப் பெட்டி பட்டால் இழை தட்டையாகி அப்படியே படிந்துவிடும். இஸ்திரி போடுவது அந்த வீட்டு மாமியார் என்றால் லேபிளை அவர் கையிலேயே கொடுத்துவிடுவது நல்லது.