படுக்கையை நனைக்கும் மாற்றுத்திறனாளிக் குழந்தை: எங்கே சறுக்குகிறோம்?

மூளை முடக்குவாதமோ டவுன் சிண்ட்ரோமோ ஆட்டிசமோ உள்ள பிள்ளை எட்டு, ஒன்பது வயதிலும் படுக்கையை நனைத்தால், வீட்டில் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "அவனுக்கு இருக்கிறதில் இதுவும் ஒண்ணு." வேறு எதற்கெல்லாமோ டாக்டரிடம் போவார்கள், இதை மட்டும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். என்னைக் கேட்டால் இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான்.

ஐந்து வயதில் நூற்றுக்குச் சுமார் 15 பிள்ளைகள் படுக்கையை நனைக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு எந்தக் குறைபாடும் கிடையாது. ஐந்தைத் தாண்டியும் தொடர்ந்தால் டாக்டரிடம் கேட்கலாம் என்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் பொது. குறைபாடு இருந்தால் காரணத்தைத் தேடுவது இன்னும் அவசியம். முதுகுத்தண்டுப் பிளவோடு பிறந்த பிள்ளைக்குச் சிறுநீர்ப்பையின் நரம்பே பாதிக்கப்பட்டிருக்கலாம். கவனிக்காமல் விட்டால் சிறுநீரகம் வரை கெடலாம்.

அடுத்தது மலச்சிக்கல். நடமாட்டம் குறைந்த பிள்ளைகளுக்கும், தயிர்சோற்றைத் தவிர எதையும் தொடாத ஆட்டிசப் பிள்ளைகளுக்கும் இது சகஜம். இறுகிக் கிடக்கும் மலம் சிறுநீர்ப்பையை அழுத்துவதால் பை நிறையும் முன்பே கசிந்துவிடும். "தினமும் போறானே" என்பார் அம்மா. போவது ஆட்டுப் புழுக்கை மாதிரி நாலு உருண்டை, ஜட்டியில் லேசான தீற்றல் என்றால் அதுவும் மலச்சிக்கல்தான். இதைச் சரிசெய்தாலே சில பிள்ளைகளுக்குப் படுக்கை நனைவது வெகுவாகக் குறையும். இந்த நிலையில் சாயங்காலம் நாலு மணிக்கே தண்ணீர்ச் சொம்பை ஒளித்து வைத்தால் மலம் இன்னும் இறுகும். பகலில் தாராளமாகக் குடிக்கட்டும். தூங்குவதற்கு முன்னால் மட்டும் குறைத்தால் போதும். அப்புறம், அடிப்பது, சூடு வைப்பேன் என்று மிரட்டுவது... தூக்கத்தில் நடப்பதற்குத் தண்டனை கொடுத்து என்ன பயன்?

சரி, எங்கே போவது? நேரே பஸ் ஏறி எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்குப் போக வேண்டியதில்லை. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லி, மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்குப் பரிந்துரை கேளுங்கள். டி.இ.ஐ.சி. என்றால் அங்கே எல்லோருக்கும் தெரியும். 2013-ல் வந்த தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் இயங்குவது. மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ இருக்கும். பச்சைக் குழந்தைகளுக்கு மட்டும் என்று நினைத்துப் பலர் போவதில்லை. ஆனால் திட்டம் 18 வயது வரைக்குமானது. "ஸ்கூலுக்கு டாக்டர் வண்டி வரும்போது காட்டிக்கலாம்" என்று காத்திருப்பதும் தவறு. அது அரசுப் பள்ளிக்கு வருடம் ஒருமுறை வரும், அங்கன்வாடிக்கு இரண்டு முறை. பள்ளிக்கே போகாத பிள்ளையை அது எப்படிப் பார்க்கும்?

மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வந்த பிறகு போகலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு போட அட்டை தேவையில்லை. உதவித்தொகைக்கும், ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை கிடைக்கும் நிரமயா மருத்துவக் காப்பீட்டுக்கும்தான் மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வேண்டும். அந்த வேலை ஒரு பக்கம் நடக்கட்டும்.

வெறுங்கையோடு மட்டும் போகாதீர்கள். இரண்டு மூன்று நாள் ஒரு நோட்டில் எழுதுங்கள்: எப்போது, எவ்வளவு குடித்தான், எத்தனை முறை சிறுநீர் போனான், மலம் எப்படி. ஒரு பழைய அளவு டம்ளரில் சிறுநீரைப் பிடித்து அளந்தால் இன்னும் நல்லது. வயதோடு ஒன்றைக் கூட்டி முப்பதால் பெருக்கினால், அந்த வயதுப் பிள்ளையின் பை சுமாராக எத்தனை மில்லி பிடிக்கும் என்று தெரியும்: ஏழு வயதுக்கு 240. ஒவ்வொரு முறையும் 80, 90 தான் வருகிறது என்றால் அது டாக்டருக்கு முக்கியமான தகவல். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும் ஓ.பி.யில் இந்த நோட்டு பேசும்.

ஈரம் பட்டதும் ஒலிக்கும் அலாரம் கொடுத்தால், சத்தம் தாங்காத ஆட்டிசப் பிள்ளை, காது கேட்காத பிள்ளை என்றால் முன்பே சொல்லிவிடுங்கள். அதிரும் வகையும் உண்டு. இரவில் சிறுநீர் ஊறுவதைக் குறைக்கும் டெஸ்மோபிரசின் மாத்திரை எழுதினால், போடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து காலை வரை தண்ணீரை வெகுவாகக் குறைத்தே ஆக வேண்டும். அக்கா பையனுக்கு மீந்த மாத்திரையை வாங்கிப் போடுவது ஆபத்து.

ஆறு மாதத்துக்கு மேல் நனைக்காமல் இருந்த பிள்ளை திடீரென்று நனைக்க ஆரம்பித்து, தண்ணீர் தண்ணீர் என்று கேட்டு, மெலியவும் செய்தால் அது சர்க்கரை நோயாக இருக்கலாம். இதற்கு ஓ.பி. நாள் பார்க்க வேண்டாம். அன்றைக்கே கூட்டிப் போய்ச் சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள்.