ஊராட்சிக் கணக்கை இணையத்தில் பார்ப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

கிராம சபை நெருங்கும்போது இ-கிராம்ஸ்வராஜையும் ஆடிட்ஆன்லைனையும் புதிதாகத் திறந்து பார்ப்பவர்கள் கூடுகிறார்கள். மகிழ்ச்சியான விஷயம். 2020 ஏப்ரலில் வந்த இந்த மத்திய அரசு இணையதளங்களில் ஊராட்சியின் வரவு செலவையும் தணிக்கை அறிக்கையையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் பழைய தவறுகளே ஊருக்கு ஊர் திரும்ப நடக்கின்றன.

ஒரு கணக்கை மொத்தக் கணக்காக எண்ணுவது

இதைப் பார்க்கும்போதெல்லாம் ஆத்திரம் வருகிறது, ஏனென்றால் இதில் தோற்பது நியாயமான கேள்விகள். தமிழ்நாட்டு ஊராட்சிகளுக்கு இ-கிராம்ஸ்வராஜில் தெரிவது பெரும்பாலும் மத்திய நிதிக்குழு மானியம்தான். வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம், மாநில நிதிக்குழு மானியம் எல்லாம் ஊராட்சியின் மற்ற வங்கிக் கணக்குகளில் ஓடும். கிராம சபையில் வைக்கும் வரவு செலவுக் கணக்கான படிவம் 30-இல்தான் அவை தெரியும்.

தளத்தின் மொத்தத்தையும் படிவத்தின் மொத்தத்தையும் ஒப்பிட்டு, "இத்தனை லட்சம் எங்கே?" என்று ஒருவர் எழுந்து கேட்பார். "அது நிதிக்குழுப் பணம் மட்டும்" என்று செயலர் ஒரே வரியில் முடித்துவிடுவார். அதோடு ஏதோ ஒரு தெருவில் போடாத குழாய்க்குப் பணம் எடுத்த உண்மையான கேள்வியும் அமுங்கிப்போகும்.

மொத்தத்தை விடுங்கள். நிதியாண்டையும் திட்டத்தையும் தேர்ந்தெடுத்து, செலவுச்சீட்டு (வவுச்சர்) எண், தேதி, தொகை, வேலையின் பெயர் நான்கையும் வரிவரியாக எழுதுங்கள். பக்கத்தில் ஒரு கட்டம் விட்டு, நேரில் போய்ப் பார்த்ததை நிரப்புங்கள். 2021 முதல் 2026 வரையான மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே உரியது. அந்தப் பங்கு வேறு வேலைக்குப் போயிருந்தால், அதுவே வலுவான கேள்வி.

தணிக்கைக் கேள்வியைத் தீர்ப்பாக வாசிப்பது

தணிக்கையாளர் முதலில் விளக்கம் கேட்பார், ஊராட்சி பதில் தரும், அதற்குப் பிறகே இறுதி அறிக்கை. அதில் தீராமல் நிற்கும் ஆட்சேபப் பத்தியையும், அதன்மேல் எடுத்த நடவடிக்கையையும் பாருங்கள்.

ஊர்ப் பெயரை மட்டும் நம்புவது

புதுப்பட்டிகள் ஏராளம். ஒவ்வொரு ஊராட்சிக்கும் தனியாக உள்ள உள்ளாட்சிக் குறியீட்டு எண்ணைச் சரிபாருங்கள்.

தேதியில்லாத ஸ்கிரீன்ஷாட்

செல்லாது.

வாயால் மட்டும் கேட்பது

எழுதிக் கொடுங்கள், தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். மறுத்தால், அந்தச் செலவுச்சீட்டின் நகலையும் வேலையை அளந்து பதியும் அளவுப் புத்தகத்தின் நகலையும் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேளுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.