வெளிநாட்டு உணவுக் கண்காட்சி, வர்த்தகக் குழுப் பயணம்: முதல்முறை போகும் ஏற்றுமதியாளருக்கான செய்முறை

முதல்முறை உணவுக் கண்காட்சிக்குப் போகும் நிறுவனங்கள் பல, பை நிறைய விசிட்டிங் கார்டுகளோடு திரும்பி வந்து, ஒரு ஆர்டர்கூட எடுக்காமல் நின்றுவிடுகின்றன. குறை பெரும்பாலும் ஸ்டாலில் இருக்காது. எங்கள் துறைமுகத்தில் இறங்கும்போது விலை என்ன, உங்கள் லேபிள் எங்கள் நாட்டுச் சட்டத்துக்குப் பொருந்துமா, ஆர்டர் கொடுத்தால் எத்தனை நாளில் ஏற்றுவீர்கள் என்று பையர் கேட்பார். இந்த மூன்றுக்கும் அங்கேயே பதில் சொல்ல முடியாதவரோடு அவர் இரண்டாவது முறை பேசுவதில்லை. ஆகவே இந்த விளக்கத்தில் பாதிக்கு மேல், விமானம் ஏறுவதற்கு முன் செய்ய வேண்டியவைதான்.

எது உங்களுக்குப் பொருந்தும்?

வர்த்தகக் குழுப் பயணம் என்பது அரசு ஏற்றுமதி அமைப்போ வணிகர் சங்கமோ சில நிறுவனங்களைச் சேர்த்து ஒரு நாட்டுக்கு அழைத்துப்போவது. சில நாள் பயணம், ஓரிரு நகரம். சந்தை பற்றிய விளக்கம், சூப்பர் மார்க்கெட் சுற்றிப் பார்ப்பது, முன்கூட்டியே நேரம் குறித்த சந்திப்புகள் என்று போகும். சந்திப்பு ஒவ்வொன்றும் பொதுவாக 20 முதல் 30 நிமிடம். கண்காட்சி அப்படியல்ல. அங்கே யார் வருவார்கள் என்பது உங்கள் கையில் இல்லை, செலவும் அதிகம். ஆனால் ஒரே கூரையின் கீழ் பல நாட்டு பையர்களைப் பார்க்கலாம். மூன்றாவதாக ஒரு வழி உண்டு: வெளிநாட்டு பையர்களை இங்கே வரவழைக்கும் எதிர்த்திசைப் பயணம். ஆலையை அவர்கள் நேரில் பார்த்துவிடுவதால் நம்பிக்கை சீக்கிரம் வரும். புதியவர்கள் இதைத்தான் முதலில் தேட வேண்டும். செலவு மிகக் குறைவு; ஏனோ பலர் இதைக் கண்டுகொள்வதே இல்லை.

குழுவில் சேருமுன் அமைப்பாளரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். பையர்களை அழைப்பது யார்? சந்திப்புப் பட்டியல் எத்தனை நாள் முன்பு கைக்கு வரும்? மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனியா, மொத்தக் குழுவுக்கும் ஒருவரா? இவற்றுக்குத் தெளிவான பதில் இல்லாத பயணம் சுற்றுலாவாக முடியும். அரசு உதவித்தொகை உண்டென்றால், அது பெரும்பாலும் செலவழித்த பிறகு ரசீது காட்டிப் பெறுவதுதான். போர்டிங் பாஸைக்கூடத் தூக்கி எறியாதீர்கள்.

படி 1: ஒரு சந்தை, இரண்டு பொருள்

இருபது பொருளை மேசையில் பரப்பினால் எதுவுமே மனதில் நிற்காது. இரண்டு போதும், மிஞ்சினால் மூன்று.

சுங்கத்தில் பொருளை வகைப்படுத்தும் ஹெச்.எஸ். குறியீட்டை முதலில் உறுதி செய்யுங்கள். முதல் 6 இலக்கம் உலகெங்கும் ஒன்றுதான். அதற்கு மேல் வருபவை நாட்டுக்கு நாடு மாறும். அந்த 6 இலக்கத்தை வைத்து, ஜெனீவாவிலுள்ள சர்வதேச வர்த்தக மையத்தின் ‘டிரேட் மேப்’ தளத்தில் எந்த நாடு எவ்வளவு இறக்குமதி செய்கிறது, யாரிடமிருந்து வாங்குகிறது என்று பார்க்கலாம். அளவு பெரிதாக இருப்பதால் மட்டும் ஒரு நாட்டைத் தேர்ந்தெடுக்காதீர்கள். தொடர்ந்து மூன்று, நான்கு ஆண்டாக அளவு ஏறிக்கொண்டிருக்கும் நாடு புதியவருக்கு நல்லது. அங்கே இறக்குமதியாளர்கள் புது சப்ளையரைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

அடுத்து, அந்தப் பொருளுக்கு அந்த நாட்டில் கதவு திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இறைச்சி, பால், மீன், தேன் போன்றவற்றுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் நாடே அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் இருக்க வேண்டும். பெரும்பாலானவற்றுக்கு ஆலையும் பட்டியலில் வேண்டும். பூச்சிக்கொல்லி எச்சத்துக்குத் தனி வரம்பு குறிக்கப்படாத இடத்தில் அங்கே பொதுவான வரம்பு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். உள்நாட்டில் தேறிய சரக்கு அங்கே திரும்பி வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆய்வகத் திறனுக்கான ஐ.எஸ்.ஓ. 17025 அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் அறிக்கையோடு போங்கள்.

படி 2: விலையைப் பின்னாலிருந்து கணக்கிடுங்கள்

புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. ஆலை விலையில் லாபம் சேர்த்து ஒரு எண் சொல்கிறார்கள். பையர் மனதில் ஓடுவதோ கடை அலமாரி விலை. இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று பாருங்கள். எண்கள் உதாரணத்துக்குத்தான், முறை எங்கும் இதுவே.

ஆலை வாசலில் 100 என்று வைப்போம். துறைமுகம் வரை லாரி, கையாளும் செலவு, ஆவணங்கள் சேர்த்து 6, ஆக எஃப்.ஓ.பி. (இங்கே கப்பலில் ஏற்றிக்கொடுக்கும் விலை) 106. கப்பல் கட்டணமும் காப்பீடும் 9, ஆக சி.ஐ.எஃப். (அவர்கள் துறைமுகம் வரையிலான விலை) 115. இறக்குமதி வரி 10 சதவீதம் என்றால் 126.5. கிளியரிங், உள்ளூர்ப் போக்குவரத்து 6, ஆக 132.5. இறக்குமதியாளர் அதன்மேல் 25 சதவீதம் வைத்தால் 165.6. விநியோகஸ்தர் 20 சதவீதம் வைத்தால் 198.75. கடைக்காரர் 40 சதவீதம் வைத்தால் 278. விற்பனை வரி இன்னும் சேரவில்லை.

இப்போது அந்த நாட்டுக் கடையில் இதே தரத்துப் போட்டிப் பொருள் வரி நீங்கலாக 240-க்கு விற்கிறது என்று தெரிந்தால்? 240-ஐ 1.4, 1.2, 1.25 என்று வரிசையாக வகுத்து, 6-ஐக் கழித்து, வரிக்காக 1.1-ஆல் வகுத்து, பிறகு 9-ஐயும் 6-ஐயும் கழித்தால் ஆலை விலை சுமார் 83 வரும். அலமாரி விலை 14 சதவீதம் குறைந்தால் உங்கள் விலை 17 சதவீதம் குறைய வேண்டியிருக்கிறது, ஏனென்றால் கப்பல் கட்டணம் உங்களுக்காகக் குறையாது. 83-க்குக் கட்டுமா என்ற கேள்விக்கு வீட்டிலேயே பதில் தெரிந்துகொள்ளுங்கள். கட்டாது என்றால் வேறு சந்தை, அல்லது வேறு பேக் அளவு.

கண்டெய்னர் கணக்கும் கையில் வேண்டும். 40×30×25 செ.மீ. அட்டைப்பெட்டி என்றால், 120×100 செ.மீ. பாலட்டில் (சரக்கு அடுக்கும் அடித்தட்டு) ஓர் அடுக்குக்கு 10 பெட்டி சரியாக உட்காரும். ஏழு அடுக்கு ஏற்றினால் 70. 20 அடி கண்டெய்னரில் இந்த அளவு பாலட் 10 போகும், ஆக 700 பெட்டி. பாலட் இல்லாமல் கையால் அடுக்கினால் 900 அளவுக்குப் போகும். இரண்டுக்கும் பெட்டிக்கு எவ்வளவு கப்பல் கட்டணம் விழுகிறது என்று தனித்தனியாகப் போட்டு வையுங்கள். பையர் இரண்டில் எதையும் கேட்பார். கண்ணாடி பாட்டில் போன்ற கனமான சரக்கில், இடம் தீருமுன் எடை வரம்பு வந்துவிடும். மரப் பாலட் என்றால், மரத்தோடு பூச்சி போகாமல் தடுக்கும் சர்வதேச விதியான ஐ.எஸ்.பி.எம். 15 முத்திரை கட்டாயம்: மரத்தின் உட்பகுதிவரை 56 டிகிரி செல்சியஸ் சூடு, 30 நிமிடம்.

படி 3: லேபிளைத் திருத்துங்கள்

மாதிரி லேபிள் ஒன்றாவது அந்நாட்டு விதிப்படி அச்சிட்டிருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒவ்வாமை தரும் பொருள்கள் 14 வகை. பொருள்பட்டியலில் அவை தடித்த எழுத்திலோ வேறு வகையிலோ தனித்துத் தெரிய வேண்டும். அமெரிக்காவில் 9, எள் 2023 ஜனவரி 1 முதல் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. ஐரோப்பாவில் ஊட்டச்சத்து 100 கிராமுக்கு, அமெரிக்காவில் ஒருமுறை பரிமாறும் அளவுக்கு. ஐரோப்பியப் பெட்டியில் ‘உப்பு’ என்று போடுவார்கள், அமெரிக்கப் பெட்டியில் ‘சோடியம்’. சோடியத்தை 2.5-ஆல் பெருக்கினால் உப்பு. பெயரை மட்டும் மாற்றி எண்ணை மாற்றாமல் விட்ட லேபிள் அடிக்கடி கண்ணில் படுகிறது. சரக்கு சுங்கத்தில் நிற்க அதுவே போதும்.

தேதியில் மாதத்தை எழுத்தால் குறியுங்கள். 03/04 என்பதை ஒருவர் ஏப்ரல் 3 என்பார், இன்னொருவர் மார்ச் 4 என்பார். காலாவதிக்காலமும் நீளமாக வேண்டும். சரக்கு வந்து சேரும்போது மொத்தக் காலத்தில் மூன்றில் இரண்டு பங்கு மீதி இருக்க வேண்டும் என்று கேட்கும் சங்கிலிக் கடைகள் பல. ஒன்பது மாதப் பொருள் இரண்டு மாதம் கப்பலிலும் சுங்கத்திலும் கழித்தால் ஏழு மாதம் மீதி, தேறிவிடும். ஆறு மாதப் பொருள் அதே பயணத்தில் விளிம்பில் நிற்கும்; ஒரு வாரம் தாமதமானாலும் திருப்பிவிடுவார்கள்.

படி 4: எந்த நிகழ்ச்சி, எப்போது

கொலோனில் நடக்கும் அனுகா ஒற்றைப்படை ஆண்டுகளிலும், பாரிஸின் சியால் இரட்டைப்படை ஆண்டுகளிலும், இரண்டும் அக்டோபரில். துபாயின் கல்ஃபுட் ஆண்டுதோறும் வருடத் தொடக்கத்தில். ஜப்பானின் ஃபுடெக்ஸ் மார்ச்சில். இயற்கை விளைபொருளுக்கு நூரம்பெர்க்கின் பயோஃபாக். பெரிய கண்காட்சிகளில் நல்ல இடம் ஓராண்டு முன்பே போய்விடும். முடிந்தால் ஒருமுறை வெறும் பார்வையாளராகப் போய்வருவது மலிவான பாடம். முதல் பங்கேற்புக்கு உங்கள் நாட்டுப் பெவிலியனுக்குள் 9 சதுர மீட்டர் ஸ்டால் போதும்.

ஸ்டால் படிவத்தில் சின்ன எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். அரங்கத்தின் மின்சாரம் இரவில் அணைக்கப்படுவது வழக்கம். ஃபிரிட்ஜ் வைப்பவர்கள் 24 மணி நேர இணைப்பு என்று தனியாகக் கேட்டு வாங்காவிட்டால், மறுநாள் காலை உறைந்த சாம்பிள் எல்லாம் தண்ணீராகி நிற்கும். தண்ணீர்க் குழாய், கைகழுவும் தொட்டி, மைக்ரோவேவ் எல்லாம் தனிக் கட்டணம். கடைசி நேரத்தில் கேட்டால் கட்டணம் கூடும்.

படி 5: சாம்பிளை அனுப்புவது

‘விற்பனைக்கல்ல, மாதிரி மட்டும்’ என்று எழுதினால் சுங்கம் விட்டுவிடும் என்பது தவறான நம்பிக்கை. கண்காட்சி மாதிரியும் உணவுதான். அமெரிக்காவுக்கு அனுப்பினால் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ.வுக்கு முன்னறிவிப்பு கட்டாயம். அங்கே ஆலைப் பதிவை இரட்டைப்படை ஆண்டுகளின் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் புதுப்பிக்கவும் வேண்டும். கண்காட்சிப் பொருளை வரியில்லாமல் தற்காலிகமாகக் கொண்டுபோக உதவும் ‘ஏ.டி.ஏ. கார்னெட்’ தின்று தீர்ந்துபோகும் பொருளுக்குப் பயன்படாது. இயந்திரத்துக்கும் காட்சிப் பலகைக்கும்தான். பெட்டியில் இறைச்சியும் பாலும் வைத்து ஐரோப்பாவில் இறங்கினால் விமான நிலையத்திலேயே பறிமுதல். விலைப்பட்டியலில் மதிப்பைப் பூஜ்யம் என்று போடாதீர்கள், சந்தேகம் வரும். உண்மையான சிறு தொகையை எழுதுங்கள்.

அளவுக்கு ஒரு கணக்கு: நான்கு நாள், நாளுக்கு 150 பேர், ஆளுக்கு 15 கிராம் என்றால் 9 கிலோ. அதோடு தீவிரமாகப் பேசும் பையர்களிடம் கொடுக்க 25 முழு பேக். உடைசலுக்கு ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். நிகழ்ச்சியின் அதிகாரபூர்வ ஃபார்வார்டர் (சரக்கு அனுப்பும் முகவர்) மூலம், கண்காட்சி தொடங்க பத்து நாளாவது இருக்கும்போது போய்ச் சேரும்படி அனுப்புங்கள். ஒரு சிறிய செட்டை வேறு கூரியரில் தனியாக அனுப்பிவிட்டால், ஒன்று சுங்கத்தில் சிக்கினாலும் மேசை காலியாக இருக்காது.

படி 6: சந்திப்புகளை முன்பே பிடியுங்கள்

ஆறு முதல் எட்டு வாரத்துக்கு முன், அந்நாட்டில் உங்கள் வகைப் பொருளை ஏற்கெனவே இறக்குமதி செய்பவர்களின் பட்டியலை எடுங்கள். எளிய வழி: அந்நாட்டுக் கடையில் போட்டிப் பொருளின் பின்பக்க லேபிளைப் பாருங்கள். இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் பல நாடுகளில் அங்கேயே அச்சாகியிருக்கும். முப்பது பேருக்கு எழுதினால் ஆறேழு பேர் பதில் போடுவார்கள் என்ற எதிர்பார்ப்போடு ஆரம்பியுங்கள். மின்னஞ்சல் ஐந்து வரி: பொருள், பேக் அளவு, சான்றிதழ், துறைமுக விலை, எந்த நாளில் எங்கே சந்திக்கலாம். நிறுவன வரலாறு வேண்டாம்.

20 நிமிடச் சந்திப்பில் முதல் ஐந்து நிமிடம் நீங்கள் பேசாதீர்கள். இப்போது யாரிடம் வாங்குகிறீர்கள், அதில் என்ன குறை, எந்தக் கடைகளுக்குக் கொடுக்கிறீர்கள் என்று கேளுங்கள். அதன் பிறகு சுவைக்கக் கொடுங்கள். அவர் குறை சொன்னால் வாதாட வேண்டாம். ‘உப்பு அதிகம்’ என்று மூன்று பேர் சொன்னால், அந்தச் சந்தைக்கு உப்பு அதிகம், அவ்வளவுதான். சந்திப்பு முடிந்தவுடன், அடுத்தவர் உட்காருமுன் அவர் கேட்டதை இரண்டு வரி எழுதி, கார்டோடு ஸ்டேபிள் அடித்துவிடுங்கள். மாலையில் எழுதலாம் என்று வைத்தால் எல்லா முகமும் ஒன்றாகிவிடும்.

படி 7: திரும்பிய பிறகு

கேட்டதை 48 மணி நேரத்துக்குள் அனுப்புங்கள்: கொட்டேஷன், ஸ்பெசிஃபிகேஷன் ஷீட், ஆய்வறிக்கை. கொட்டேஷனில் இன்கோடெர்ம்ஸ் 2020 விதியும் (எஃப்.ஓ.பி., சி.ஐ.எஃப். போல, எதுவரை செலவும் பொறுப்பும் யாருடையது என்று சொல்வது) துறைமுகத்தின் பெயரும் சேர்ந்தே வர வேண்டும். விலை எந்தத் தேதிவரை செல்லும் என்பதும் வேண்டும். இரண்டு வாரத்தில் ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை தொடர்பில் இருங்கள். முதல் ஆர்டர் வர ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆவது சாதாரணம்.

பெயர் தெரியாத நிறுவனம் முதல் பேச்சிலேயே பத்து கண்டெய்னர் கேட்டு, ‘பதிவுக் கட்டணம்’ என்று உங்களிடமே பணம் கேட்டால் விலகிவிடுங்கள். உண்மையான பையர் ஒரு பாலட்டோ கலப்புக் கண்டெய்னரோ என்று சிறிதாகத்தான் ஆரம்பிப்பார். முதல் ஏற்றுமதிக்குக் கொஞ்சம் முன்பணமும் மீதித் தொகையைக் கப்பல் சரக்கு ரசீதின் (பில் ஆஃப் லேடிங்) நகலைக் காட்டியும் கேட்பது பரவலான நடைமுறை. தொகை பெரிதென்றால் எல்.சி. (பையரின் வங்கி பணத்துக்கு உறுதி தரும் கடிதம்).

மொத்த நாட்டுக்கும் தனி உரிமை கொடுங்கள் என்று முதல் சந்திப்பிலேயே கேட்பவர் உண்டு. மறுத்துவிட வேண்டியதில்லை, கால அளவும் குறைந்தபட்சக் கொள்முதலும் குறித்துக் கொடுங்கள். ஒரு வருடம், இத்தனை கண்டெய்னர், எடுக்காவிட்டால் உரிமை தானாகவே ரத்து என்று எழுத்தில் இருக்க வேண்டும். பிராண்ட் பெயரை அந்நாட்டில் பதிவு செய்வது உங்கள் பெயரிலேயே நடக்கட்டும். இறக்குமதியாளர் பெயரில் பதிவானால், அவரோடு முறிந்த நாளில் உங்கள் பெயரிலேயே நீங்கள் அங்கே விற்க முடியாது.